சாதுவா இருக்கதுக்கும் சாமர்த்தியம் வேணும்லே

சண்டையே போடாம ஜெயிக்கணும்ங்கியா? நல்ல புள்ளைலே நீ. ஒங்க ஆச்சி காதுல விழுந்தா மொளகாயும் உப்பும் எடுத்துச் சுத்திப் போடுவா. ஆனா பேராண்டி, சிவிலைசேஷன் ஆட்டத்துல சமாதானமா இருந்து அறிவியல்ல ஜெயிக்கப் போறேன்னு எவன் சொல்லுதானோ, அவனைத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன். வாளைத் தூக்கிட்டு வாரவன் மனசுல என்ன இருக்குன்னு வாளைப் பாத்தாலே தெரிஞ்சிரும். நூலகம் கட்டிட்டு, எல்லாரையும் பாத்துச் சிரிச்சிட்டு உக்காந்திருக்கான் பாரு, அவன்தான் விவகாரம் புடிச்சவன்.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்ங்காத. ராத்திரி ரெண்டு மணிக்கும் 'இன்னும் ஒரே ஒரு டர்ன் தாத்தா'ன்னு நீ உக்காந்திருந்தா, தூக்கம் வராதவன் பின்னால நாற்காலியைப் போட்டுட்டு வேற என்னத்தப் பாப்பான்? டிவில வாரவனுக, ஆறு மாசத்துல ஒரு கல்யாணத்தை முடிக்க மாட்டேங்கான். ஒன் பொட்டியில கி.மு. 4000ல கெளம்பி விடியுததுக்குள்ள கி.பி. 1800க்கு வந்துருதான். எனக்கு அதுதான் தோதா இருக்கு.

1991ல சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேந்து மொத ஆட்டத்தை உண்டாக்கும்போதே ரெண்டு வழி வச்சிட்டாங்க. எல்லாரையும் அடிச்சு ஒழிச்சு ஜெயிக்கலாம். இல்ல, ஆல்பா சென்டாரிக்கு மொத ஆளா விண்கலம் அனுப்பி ஜெயிக்கலாம். நீ ஆடுதது 2010ல வந்த அஞ்சாவது, அதுலயும் 2013ல வந்த பிரேவ் நியூ வேர்ல்டைச் சேத்தது. நான் சொல்லுதது அதுக்கு மட்டுந்தான். 2025ல வந்த ஏழாவதுல சோழன்கூட இருக்கானாமே. அதைத் தொடாத. சோழன் கையில கெடைச்சா நீ கடாரத்துக்குக் கப்பல் எடுத்துருவே, சமாதானம் கரையிலயே நின்னுரும்.

சரி, யாரா இருந்து ஆடப் போறே? அறிவியல்னா ரெண்டு பேரைக் கை காட்டுவாங்க. ஒருத்தர் பாபிலோன் ராஜா, ரெண்டாம் நெபுகாத்நேச்சார். எழுத்தைக் கண்டுபுடிச்ச மறுநிமிசமே ஒரு மகா விஞ்ஞானியை ஓசியில அனுப்பி வச்சிருவான். அடுத்தடுத்த விஞ்ஞானியும் மத்தவங்களுக்கு வாரதை விட வெரசா வருவாங்க. இந்தப் பேரைக் கொண்டு போய் வேதக்கோயில் உபதேசியார்கிட்ட சொல்லிப் பாரு. எருசலேம் ஆலயத்தை இடிச்சு, சனங்களைச் சிறை புடிச்சிட்டுப் போன மகராசன்லே அவரு! ஆட்டத்துல கல்வித் தந்தை. இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு, நம்ம பக்கத்துக் கல்வித் தந்தைகள் பூர்வீகத்தைக் கிளறினாலும்... சரி விடு, நீ அங்கனதான படிக்கே.

இன்னொருத்தர் கொரியா ராஜா சேஜோங். அவரு நெசமாவே படிப்பாளி. 1420ல அறிஞர்களுக்குன்னு அரண்மனையில தனி மண்டபம் அமைச்சாரு, 1446ல கொரிய மொழிக்குப் புது எழுத்தையே வெளியிட்டாரு. அவரு பட்டத்துக்கு வந்த மறுவருசம், 1419ல, கடல்கொள்ளைக்காரங்களை அடக்க சூஷிமா தீவுக்குக் கப்பப்படை போனதையும் சேத்து ஞாபகம் வச்சுக்கோ. ஆட்டத்துல இவருக்கு உக்காந்து வேலை பாக்க நிபுணர் ஒவ்வொருத்தரும் ரெண்டு அறிவியல் கூடுதலாத் தருவாங்க.

இப்பம் கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒவ்வொரு நாட்டுக்கும் மத்தவனுக்கு இல்லாத தனிச்சொத்து ரெண்டு உண்டுல்லா. இந்த ரெண்டு படிப்பாளிக்கும் என்னத்தக் குடுத்திருக்கான்? பாபிலோனுக்கு வில்லாளியும் மதிலும். கொரியாவுக்கு ஆமைக்கப்பலும், ஹ்வாச்சாங்கிற பீரங்கி வண்டியும். மைக்கூடு, எழுத்தாணி எதாவது கண்ணுல பட்டுச்சா? ஆட்டத்தைச் செஞ்சவன் வெவரமான ஆளு. ஊர்ல படிக்க பயலைத்தான் நாலு பேரு வழி மறிப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

காந்தியை எடுத்துக்கிட்டா முழு அகிம்சைதானன்னு கேப்பே. அடேய், இந்த ஆட்டத்துல காந்தி வேற காந்தி. மொத ஆட்டத்துல அவருக்கு ஆவேச மதிப்பு 1ன்னு போட்டிருந்தாங்களாம். ஜனநாயகம் வந்தா 2 கொறையணும். கணக்கு சுழியத்துக்குக் கீழ போகத் தெரியாம 255க்குத் தாவிருச்சு, மனுசன் அணுகுண்டைக் கையில எடுத்துட்டாருன்னு ரொம்பக் காலமா ஒரு கதை ஓடிச்சு. 2020ல சிட் மையர் எழுதின சுயசரிதையில, அப்படி ஒரு பிழையே கெடையாதுன்னு போட்டு ஒடைச்சிட்டாரு. எல்லா ராஜாவும் பேசுத அதே மெரட்டல் வசனத்தைத்தான் அவரும் பேசுனாரு. இந்தியா வம்புக்குப் போகாம படிப்புலயே கண்ணா இருந்ததால, அணு ஆயுதம் அவங்களுக்குச் சீக்கிரமே கையில வந்துச்சு, அம்புட்டுத்தான். எனக்கு அந்தக் கட்டுக்கதையை விட இந்த நெசம்தான் கலக்கமா இருக்கு. எதையும் தப்பாக் கணக்குப் போடாமலே சாது கையில மொதக் குண்டு வந்து சேந்துருது பாத்தியா! அஞ்சாவது ஆட்டத்துல வேணும்னே வெளையாட்டுக்கு, அணுகுண்டு மேல காந்திக்கு உள்ள ஆசையை 10க்கு 12ன்னு எழுதி வச்சிட்டாங்க. அவரு பக்கத்து வீட்டுக்காரரா வந்தா கும்புட்டுட்டுத் தள்ளியே இரு.

அடுத்தது ஊரு. நாலு போதும். சும்மா கெடக்க நெலத்தைப் பாத்தா நம்ம வகையறாவுக்குக் கை ஊறும், அதுக்குத்தான் சொல்லுதேன், நாலே நாலு. டிரெடிஷன் கொள்கையை எடுத்தீன்னா பண்பாட்டுக் கட்டடம் மொத நாலு ஊருக்கு ஓசி. கொள்கையை முழுசா முடிச்சா தண்ணிக் கால்வாயும் அந்த நாலுக்கு ஓசி. அஞ்சாவது ஊருக்கு ஒண்ணும் கெடையாது. அது போக, நடுத்தர வரைபடத்துல ஒவ்வொரு ஊர் கூடக் கூட, கண்டுபிடிப்போட வெலை 5 சதவீதம் ஏறும். ஊருக்கு மூணு, ஆளுக்கு ஒண்ணுன்னு சனங்க மொகமும் சுண்டும். நீ எட்டு ஊரு வச்சிட்டு, எட்டுலயும் ஒழுங்கா ஒரு பள்ளிக்கூடம் கட்டாம, 'என்ன தாத்தா அறிவியல் ஏற மாட்டேங்கு'ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

நாலு ஊருலயும் மொத வேலை சோறு. ஒனக்கு இது ரசிக்காது. ராக்கெட் விடணும்னு வந்தவனைக் கோதுமை வயல்ல எறக்கி விடுதாரேன்னு மொணங்குவே. கணக்கைப் பாரு: நூலகம் கட்டினா ரெண்டு தலைக்கு ஒரு அறிவியல். பொதுப்பள்ளி கட்டினா மறுபடியும் ரெண்டு தலைக்கு ஒண்ணு. பல்கலைக்கழகம் வந்து 33 சதவீதம் ஏத்தும், ஆய்வுக்கூடம் 50 சதவீதம் ஏத்தும், ஆனா ஏத்துததுக்கு அடியில ஏதாவது கெடக்கணும்லா? சனம் இல்லாத ஊர்ல ஆய்வுக்கூடம் கட்டினா அது பூட்டி வச்ச கட்டடம்தான். அதனால கடலோரமா ஊரு போடு, சரக்குக் கப்பலை வெளிநாட்டுக்கு அனுப்பாம ஒன் ஊருக்குள்ளயே சோறு சுமக்க விடு. துட்டு வரலயேன்னு நெஞ்சு அடிச்சுக்கும். அடிக்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்புத கப்பல்ல, தெரிஞ்சவன்கிட்ட இருந்து தெரியாதவனுக்கு அறிவியலும் ஒழுகும். நீதான முன்னால நிக்கே, ஒழுகுதது ஒங்கிட்ட இருந்துதான்.

காடு இருந்தா வெட்டாத. ஒங்கப்பன் இருந்தா மொத டர்ன்லயே கோடாலி எடுத்திருப்பான். மழைக்காட்டுல ஆளை வச்சு, அந்த ஊர்ல பல்கலைக்கழகம் கட்டினா கட்டத்துக்கு ரெண்டு அறிவியல். வாத்தியாரும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், காடு பாட்டுக்குக் காடா இருந்தாப் போதும். ஆட்டத்துல எனக்குப் புடிச்ச விதி இதுதான்.

நேஷனல் காலேஜ் சமாச்சாரத்துல நீ பதறுவே, எனக்குத் தெரியும். ஒங்கிட்ட உள்ள எல்லா ஊர்லயும் நூலகம் இருந்தாத்தான் அதைக் கட்ட விடுவான். கட்டினா அந்த ஊரு அறிவியல் பாதிக்குப் பாதி கூடும். மூணாவது நூலகம் முடியப் போற நேரத்துல 'அந்தா ஒரு நல்ல எடம்'னு நாலாவது ஊரைப் போடாத. ஒண்ணு, அதுக்கு முன்னாலயே போட்டுரு. இல்ல, காலேஜை முடிச்சிட்டுப் போடு. எடையில போட்டா புது ஊர்ல நூலகம் வார வரைக்கும் காலேஜ் நின்னுரும். அலெக்சாண்டிரியாவுல இருந்த பெரிய நூலகத்தையும் கட்டிப் பாக்கணும்னு ஆசைப்படுவே, ஓசியில ஒரு தொழில்நுட்பம் வருதேன்னு. கடினத்தைக் கூட்டிட்டேன்னா, கம்ப்யூட்டர் ராஜாக்களுக்கு ஆரம்பத்துலயே ஆளும் அறிவும் அள்ளிக் குடுத்துதான் ஆட்டத்தைத் தொடங்குவான். நீ முக்கால்வாசி கட்டி நிக்கும்போது எவனோ கட்டி முடிச்சிட்டான்னு கொட்டு அடிக்கும். அந்த நேரம் ஒன் மூஞ்சியைப் பாக்கதுக்குன்னே நான் முழிச்சிருக்கதுண்டு.

இனிமேத்தான் முக்கியமானது. பக்கத்து ராஜா.

சமாதானமா இருக்கவன் படை வைக்க வேண்டாம்னு ஒனக்கு எவன் சொன்னான்? மாண்டெசூமா, ஷாகா, அட்டிலா, அலெக்சாண்டர் இவனுக எவன் பக்கத்துல இருந்தாலும், ஒன் நூலகத்து மேல மரியாதை வச்சு ஒதுங்கிப் போக மாட்டானுக. ஒங்கிட்ட எத்தனை ஆயுதம் இருக்குன்னு எண்ணிப் பாப்பானுக. கொறைச்சலா இருந்தா எல்லையில ஆளைக் குமிச்சிட்டு, 'சும்மா இந்தப் பக்கமாப் போறோம்'பானுக. அதனால மேட்டு நெலத்துல ஊரைப் போட்டு, மதிலைக் கட்டி, வில்லாளிகளை உள்ள உக்கார வை. காலம் போகப் போக அவங்களையே குறுக்குவில்காரங்களா மாத்திக்கோ. நீயாப் போய் ஒரு அம்பும் விடாத. ஆனா அம்பு இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்.

அது செலவு, இன்னொரு வழி இருக்கு, அது லாபம். அலெக்சாண்டரைக் கூப்புட்டு வச்சுப் பேசு. நெறைய பொன்னை எடுத்து வை, ஒன் பட்டுத்துணியையும் வாசனைச் சாமானையும் மேல வை, 'அண்ணாச்சி, அந்த அட்டிலா ஒங்களை ஒரு மாதிரிப் பேசிட்டுத் திரியுதானே'ன்னு சொல்லாம, நேரா 'அவன் மேல போர் அறிவியுங்க'ங்கிற கட்டத்தை அமுக்கு. வெலை படிஞ்சா ரெண்டு பேரும் மோதிக்கிட்டு, ஒருத்தன் படையை ஒருத்தன் தின்னுட்டுக் கெடப்பானுக. நீ ரெண்டு பேருக்கும் நடுவுல பொதுப்பள்ளி கட்டுவே. ஒன் கையில ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. சமாதான விரும்பின்னு ஒன்னைப் பத்தி ஊர்ல பேச்சு வேற. இந்த வேலையை நம்ம ஊர்ல பாக்க ஆளுக யாரு யாருன்னு எனக்குத் தெரியும். அவங்கள்ல ரெண்டு பேரு இப்பம் ஊர்த் தலைவரா இருக்காங்க.

அவனுக ஒங்கிட்ட மொறைக்கதுக்குச் சொல்லுத காரணத்தையும் வாசிச்சுப் பாரு, எனக்குச் சிரிப்பா வரும். ஒன் நெலத்து மேல அவனுக்கு ஆசையாம். அதனால ஒன்னைப் புடிக்கலையாம். அவன் கட்ட நெனைச்ச அதிசயத்தை நீ கட்டிட்டியாம். அவன் ஜெயிக்க நெனைக்கத வழியிலேயே நீயும் ஜெயிக்கப் பாக்கியாம். இவ்வளவு நேர்மையா வாயைத் திறந்து பொறாமையைச் சொல்லுத சொந்தக்காரன் ஒருத்தனை நான் இன்னும் பாக்கல.

புடிச்சவன் ஒருத்தன் இருந்தா அவன்கிட்ட நட்பு அறிக்கை வாங்கி, ஆராய்ச்சி ஒப்பந்தம் போடு. ரெண்டு பேரும் துட்டு வைக்கணும், 30 டர்ன் காத்திருக்கணும், முடிஞ்சா ரெண்டு பேருக்கும் அறிவியல் மொத்தமா வரும். எடையில ரெண்டு பேருக்கும் சண்டை வந்துச்சுன்னா துட்டு போச்சு, ஒப்பந்தமும் போச்சு. இதுல ஒரு சூட்சுமம் உண்டு: ஒப்பந்தம் போட்ட பெறவு அவனும் ஒன் மேல பாய யோசிப்பான், ஏன்னா அவன் மொதலும் உள்ள மாட்டிட்டு. ஒண்ணை மட்டும் பாத்துக்கோ, அவனுக்கு ஊரெல்லாம் பகையா இருந்தா அவன்கூடச் சேந்த பாவத்துக்கு ஒன்னையும் நாலு பேரு வைவான். நல்லவனாப் பாத்து நட்பு வைக்காத. நாலு பேருக்கு வேண்டியவனாப் பாத்து வை.

விஞ்ஞானிகளைப் பத்திச் சொல்லணும். பல்கலைக்கழகம் கட்டினதும் ரெண்டு ஆளை வயல்ல இருந்து தூக்கி உள்ள உக்கார வச்சிரு. அவங்களாலதான் மகா விஞ்ஞானி பொறப்பாரு. மொதல்ல வாரவங்களை நெலத்துல உக்கார வச்சு அகாடமி கட்டிரு, அது டர்னுக்கு டர்ன் அறிவியல் தந்துட்டே இருக்கும். பின்னால வாரவங்களைத்தான் சூதானமாக் கையாளணும். ஒரு விஞ்ஞானியைச் செலவழிச்சா, கடைசி 8 டர்ன்ல ஒன் நாடு உண்டாக்குன அறிவியல் அம்புட்டும் ஒரே தடவையில கெடைக்கும். அப்பம் எப்பம் செலவழிக்கணும்? சாத்தூர் வியாபாரி மொளகா வத்தலை வெலை ஏறுத வரைக்கும் குடோன்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கான்லா, அப்படி வச்சிரு. நாலு ஊர்லயும் ஆய்வுக்கூடம் வரட்டும். வந்து 8 டர்ன் ஓடட்டும். அதுக்குப் பெறவு ஒவ்வொருத்தரா எறக்கு. சும்மா நிக்காரேன்னு மத்தியானமே எடுத்துச் செலவழிக்காத. ஹப்பிள் தொலைநோக்கி கட்டினா இன்னும் ரெண்டு பேரு ஓசியில வருவாங்க. அந்த மனுசங்க இதை எப்படித் தாங்குதாங்கன்னுதான் எனக்குப் புரியல. வருசக்கணக்கா ஒரு மூலையில நிறுத்தி வச்சு, ஒரு நாள் கூப்புட்டு, 'இருக்க அறிவை எல்லாம் கக்கிட்டுக் கெளம்பு'ங்கியே.

ஒற்றன் விசயத்துல வீரம் காட்டாத. மறுமலர்ச்சிக் காலத்துல ஒரு ஒற்றன் வருவான். பின்தங்கி இருக்கவன்தான் அடுத்தவன் வீட்டுல திருட அனுப்பணும். முன்னால இருக்கவன் வீட்டுல எல்லாரும் திருட வருவான். ஒன் ஒற்றனைத் தலைநகர்லயே காவலுக்குப் போட்டுரு. வார திருடனைப் புடிச்சா அன்னைக்கு மன்னிச்சு விடுத மாதிரி பேசு; ஒப்பந்தம் போடும்போது அந்தக் கணக்கைச் சேத்துக்கோ.

ரேஷனலிசம் கொள்கை மறுமலர்ச்சிக் காலத்துல தெறக்கும், தெறந்த அன்னைக்கே எடு. சனங்க சந்தோசமா இருந்தாத்தான் அதோட மொதப் பலனே கெடைக்கும், அதனால ஊருல பட்டு, ஒயின், சர்க்கரை எல்லாம் தட்டாம ஓடட்டும். பெறவு கடைசிக் காலத்துச் சித்தாந்தம் மூணுல ஃப்ரீடத்தை எடுத்தா, மேல்படியில ஒரு சலுகை இருக்கு. விண்கல உறுப்பைக் கட்டவே வேண்டாம், பொன்னைக் குடுத்து வாங்கிரலாம். ஆறாயிரம் வருசம் சோறு போட்டு, பள்ளிக்கூடம் கட்டி, காட்டைக் காப்பாத்தி, கடைசியில கடைக்குப் போய் ராக்கெட் வாங்கிட்டு வாரதுக்குப் பேரு அறிவியல் வெற்றி! எனக்கு இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. துட்டு சேத்து வையி.

அப்பல்லோ திட்டத்தை முடிச்சிட்டா ஆறு உறுப்பு வேணும்: பூஸ்டர் மூணு, காக்பிட் ஒண்ணு, உறைநிலை அறை ஒண்ணு, எஞ்சின் ஒண்ணு. உறுப்புக்கு ஒரு அலுமினியம். இங்கனதான் படிச்சவன் முழிப்பான். எல்லாக் கண்டுபிடிப்பும் கையில இருக்கும், நெலத்துல அலுமினியம் இருக்காது. அப்பம் பக்கத்து ராஜா முன்னால கைகட்டி நின்னு, அவன் கேட்ட வெலைக்கு வாங்கணும். முன்னமே பாத்து வையி. இல்லைன்னா மறுசுழற்சி மையம் கட்டு, பழசை உருக்கி ரெண்டு அலுமினியம் தருவான். செஞ்ச உறுப்பு ஒவ்வொண்ணும் தலைநகருக்கு வந்து சேரணும். வேற ஊர்ல செஞ்சா வழியில காவல் வையி. தலைநகரைப் பறிகொடுத்தா கலமும் போச்சு. இத்தனை நாளும் மதில்ல சும்மா உக்காந்து சம்பளம் வாங்குதானுகன்னு வஞ்சியே, அந்த வில்லாளிகளுக்கு வேலை வாரது இப்பந்தான்.

ஆறாவது உறுப்பைச் சேத்ததும் கலம் கெளம்பும், நீ ஜெயிச்சேன்னு எழுத்து வரும், கீழ ஒரு பொத்தான் இருக்கும்: இன்னும் ஒரே ஒரு டர்ன். அதை அமுக்குனா ஆட்டம் தொடரும், ஆனா கணக்குல சேராது. ஒங்கிட்ட அணுகுண்டும் இருக்கும், ராட்சச ரோபோ செய்யுத வித்தையும் இருக்கும். அலெக்சாண்டர் இன்னும் பழைய பீரங்கியை இழுத்துட்டு நிப்பான், கி.மு. காலத்துலயே ஒன் எல்லையில வந்து மொறைச்சவன். ஒங்க ஆச்சி அந்நேரம் தூங்கிருப்பா. நான் போய் ரெண்டு டம்ளர் கடுங்காப்பி போட்டுக் கொண்டாரேன், அது வரைக்கும் எதையும் தொடாத.